கலந்ததைப் பிரிக்க எந்தச் சபையாலும் முடியாது

நடுவர் அவர்களே, எதிரணிப் பேச்சாளர்களே, சபையில் இருக்கும் அம்மாமாரே, ஐயாமாரே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

கொழும்பின் குப்பைச் சிக்கலைத் தீர்க்கும் முதற்பொறுப்பு மாநகர சபைக்கா, குடும்பத்துக்கா? இதுதான் தலைப்பு. குடும்பத்துக்கே என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் மூன்று கேள்விகளை வைத்துவிட்டுப் போனார். வரி கட்டுகிறோமே, பிறகென்ன என்றார். பிரித்துக் கொடுத்தாலும் லொறியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள் என்றார். குப்பையை வீட்டிலேயே பசளையாக்கு என்றால், தொடர்மாடியில் இருப்பவனுக்கு மண் எங்கே, முற்றம் எங்கே என்றார். மூன்றும் நேர்மையான கேள்விகள். பதில் சொல்லாமல் இறங்கமாட்டேன். ஆனால் அதற்கு முதல், ஒரு குப்பைப் பைக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் குனிந்து பார்ப்போம்.

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீடு. காலை ஏழு மணி. பால் பிழிந்த தேங்காய்ப்பூச் சக்கை, வெங்காயத் தோல், தேயிலைச் சக்கை, மிஞ்சிய சொதி எல்லாம் ஒரு சொப்பிங் பைக்குள் போகின்றன. பத்து மணிக்கு அதே பைக்குள் நேற்றைய பத்திரிகையும், யோகட் கோப்பையும், வெட்டித் திறந்த பால்மாப் பையும் போகின்றன. அவ்வளவுதான், காரியம் கெட்டுவிட்டது. பத்திரிகையில் சொதி ஊறிவிட்டது. பழைய கடதாசி வாங்குகிறவர் இனி அதைத் தொடமாட்டார். எண்ணெய் ஏறிய கடதாசியை மறுபடி கடதாசியாக்க முடியாது. கோப்பைக்குள் தேங்காய்ப்பூ ஒட்டிப் புளிக்கத் தொடங்கிவிட்டது. பால்மாப் பையோ பிளாஸ்டிக்கும் அலுமினியமும் படைபடையாக ஒட்டியது; அதன் கிழிசல் சக்கைக்குள் போனால் அந்தச் சக்கை பசளைக்கும் ஆகாது. ஏழு மணிக்குத் தனித்தனியே பயன்படக்கூடியதாக இருந்த பொருட்கள், பத்து மணிக்கு எதற்கும் உதவாத ஒரே குப்பை. சபையின் லொறி இன்னும் அந்தத் தெருவுக்கே வரவில்லை, நடுவர் அவர்களே!

வரி கட்டுகிறோம் என்பதற்கு இதுதான் பதில். வரி லொறிக்குக் காசு தரும், சாரதிக்குச் சம்பளம் தரும். சொதியில் ஊறிய கடதாசியை உலர்ந்த கடதாசியாக்கும் வித்தையை எந்த வரியாலும் வாங்க முடியாது.

எரித்துவிடலாம் என்பார்கள். கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் 10 மெகாவாற் நிலையம் 2021இல் இயங்கத் தொடங்கியது. நல்லது, வேண்டியதுதான். ஆனால் அடுப்பு மூட்டத் தெரிந்த எவருக்கும் ஈரவிறகின் குணம் தெரியும். மரக்கறிக் கழிவில் முக்கால்வாசி தண்ணீர். ஒரு லீற்றர் தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்கி அனுப்ப ஏறக்குறைய 0.7 அலகு மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். பத்துக் கிலோ ஈரக்குப்பையில் ஏழு லீற்றர் தண்ணீர் என்று வைத்தால், ஐந்து அலகுக்கு ஒப்பான வெப்பம் அந்தத் தண்ணீரை விரட்டுவதற்கே போய்விடுகிறது. நாம் பைக்குள் கட்டி அனுப்புவது பெரும்பாலும் தண்ணீர். அந்தத் தண்ணீரைச் சுமக்க லொறிக்கு டீசல், எரிக்க உலைக்கு வெப்பம்.

புதைத்தால்? கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லக் குப்பைமேட்டை இந்தச் சபையில் யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள். பொங்கிப் படைத்து உறவினர் கூடியிருந்த வேளையில் குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியது. 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்த மலையில் பெருமளவு, வீடுகளில் இருந்து போன உக்கும் குப்பை. காற்றுப் புகாமல் அமுங்கிய ஈரக்குப்பை மீதேன் வாயுவை விடும்; மழைத்தண்ணீரை உள்ளே பிடித்துப் பாரமாகும்; பாரம் தாங்காமல் வழுக்கும். பிறகு புத்தளம் மாவட்டத்து அருவக்காலுவில் குப்பை நிரப்பும் இடம் அமைத்தார்கள். கொழும்பில் இருந்து 150 கிலோமீற்றருக்கும் அப்பால்! நாங்கள் பிழிந்த தேங்காயின் சக்கைக்கு அங்குள்ள மக்கள் ஏன் மூக்கைப் பொத்த வேண்டும்?

மண் எங்கே, முற்றம் எங்கே என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். சமையலறைக் கழிவைப் பசளையாக்க மண்ணே வேண்டாம். பல்கனியில் இரண்டடி அகலம் போதும். இந்த இடத்தில் கொஞ்சம் விரிவாகப் பேச நடுவர் அனுமதிக்க வேண்டும், ஏனென்றால் "செய்து பார்த்தோம், நாறியது, விட்டுவிட்டோம்" என்று சொல்கிறவர்களில் அநேகர் இங்கேதான் பிசகுகிறார்கள்.

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மூடியுள்ள 60 லீற்றர் வாளி இரண்டு. அடியில் எட்டுத் துளை, பக்கங்களில் ஒரு சாண் இடைவெளியில் சுற்றிவரத் துளை, ஒவ்வொன்றும் அரைச் சென்ரிமீற்றர். உள்பக்கம் நைலோன் வலை ஒட்டினால் ஈ புகாது. வாளியை இரண்டு செங்கல்லின் மேல் வைத்து, கீழே ஒரு தட்டு. தட்டில் மணல் நிரப்ப வேண்டும். வெறும் தட்டில் தண்ணீர் தேங்கினால் நுளம்பு வளர்ப்போம். 2017இல் இந்த நாட்டில் ஒரு லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு டெங்கு பதிவானதை நினைவில் வையுங்கள்.

வாளியின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குத் தேங்காய்த் தும்பும் சுள்ளியும். அதன்மேல் தினமும் சமையலறைக் கழிவு. ஒரு கோப்பை ஈரக் கழிவுக்கு ஒரு கோப்பை தொடக்கம் இரண்டு கோப்பை வரை உலர்ந்தது: தும்புச் சோறு (தேங்காய் மட்டையில் தும்பு எடுத்தபின் மிஞ்சும் தூள்), காய்ந்த இலை, கிழித்த முட்டை மட்டை, பத்திரிகைத் துண்டு. மரத்தூளும் ஆகும், ஆனால் பிளைவுட், வார்னிஷ் பூசிய பலகை அறுத்த தூள் கூடாது. அதில் பசையும் இரசாயனமும் உண்டு. அளவு பார்க்கச் சோம்பலாக இருந்தால் கண்ணால் பாருங்கள்: மேலே பார்க்கும்போது ஒரு வெங்காயத் தோல்கூடத் தெரியக்கூடாது. தெரிந்தால் ஈக்கும் தெரியும்.

எல்லாவற்றையும் விரல் நுனியளவாக வெட்டிப் போட வேண்டும். முழு வாழைப்பழத் தோல் வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். நறுக்கியது சில நாட்களில் கறுத்துக் குழையும். மூன்று நாளைக்கு ஒருமுறை அடிவரை கிளற வேண்டும். ஒரு பிடியை எடுத்துக் கையால் இறுக்கிப் பாருங்கள். பிழிந்த துணிபோல ஈரமாக இருந்து, விரலிடையில் ஓரிரு துளி வந்தால் சரி. ஒழுகினால் உலர்ந்ததைச் சேருங்கள். உதிர்ந்தால் அரிசி கழுவிய தண்ணீர் தெளியுங்கள்.

வாளி பேசும், நடுவர் அவர்களே. கூழ்முட்டை நாற்றம் வந்தால் ஈரம் கூடிக் காற்று இல்லாமற் போயிற்று என்று அர்த்தம். மூக்கைக் குத்தும் கழிவறை வாடை வந்தால் மீனோ பருப்போ கூடிப்போயிற்று. உலர்ந்த இலை குறைவு. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: நன்றாகக் கிளறி இரண்டு பிடி தும்புச் சோறு. எறும்பு ஊர்ந்தால் காய்ந்துவிட்டது. சாம்பல் நிறத்தில் தட்டையான புழு நெளிந்தால் அருவருக்க வேண்டாம், அவை வெகுவேகமாகத் தின்று தீர்க்கும். ஆனால் மேலே கழிவு திறந்து கிடந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. தென்மேல் பருவக்காற்று மழைக்காலத்தில், மே தொடக்கம் செப்டெம்பர் வரை, கொழும்புக் காற்றே ஈரம். அந்த மாதங்களில் உலர்ந்ததை இரண்டு கோப்பைக்குக் குறையாமல் போடுங்கள். அதை ஒரு சாக்கில் கட்டி வீட்டுக்குள்ளேயே வையுங்கள்.

முதல் வாளி அமிழ்ந்து அமிழ்ந்து நிரம்ப ஐந்து, ஆறு கிழமை எடுக்கும். நிரம்பியதும் மூடி ஓரமாக வைத்து இரண்டாவதைத் தொடங்குங்கள். இரண்டாவது நிரம்பும்போது முதலாவது கறுத்து, மழை பெய்த மண்ணின் வாசத்தோடு இருக்கும். சிறிய வாளியில் பெரிய குவியலின் சூடு வராது, அதனால் விதைகள் சாகா. அந்தப் பசளையில் கேட்காமலே தக்காளியும் பப்பாசியும் முளைக்கும். ஒரு பங்கு பசளைக்கு இரண்டு பங்கு மண் கலந்து சாடிகளில் போட்டால் ரம்பை, வல்லாரை, பொன்னாங்காணி, கறிவேப்பிலை எல்லாம் வரும். பசளையை மட்டும் நிரப்பினால் தண்ணீர் தேங்கி வேர் அழுகும்.

வாளிக்கு ஆகாதவையும் உண்டு. சிரட்டை, எலும்பு, தம்பிலி என்கிற செவ்விளநீரின் கோம்பை ஆண்டுக்கணக்கில் உக்காது. எண்ணெய் மிதக்கும் கறியும், கட்டிச் சோறும் காற்றை அடைத்துவிடும். மீனைச் சந்தையிலேயே வெட்டிச் சுத்தம் செய்து வாங்குவது நல்லது. வீட்டில் வெட்டினால் குடலையும் செதிலையும் பழைய ஐஸ்கிரீம் பெட்டியில் போட்டு உறையவைத்து, லொறி வரும் நாளில் கொடுங்கள். இல்லாவிட்டால் எலி வரும், எலியோடு எலிக்காய்ச்சல் வரும். சோறு மிஞ்சாமல் இருக்க நமது பழைய அளவே போதும்: ஒரு சுண்டு அரிசி, இரண்டு பேர். இரவு ஒருவர் வெளியே சாப்பிடுகிறார் என்றால் அரைச் சுண்டைக் குறைப்பது பிறகு பசளை செய்வதைவிட எவ்வளவோ மேல்.

லொறியில் ஒன்றாகக் கொட்டுகிறார்களே என்ற கேள்விக்கு இங்கேயே பதில் கிடைத்துவிட்டது. உக்கும் குப்பை வீட்டு வாசலைத் தாண்டாவிட்டால் லொறியில் கலக்க என்ன இருக்கிறது? கழுவிக் கவிழ்த்து உலரவைத்த போத்தலும், கடதாசியும், தகரமும் தங்களுக்குள் கலந்தாலும் கையால் பிரித்துவிடலாம். கெடுப்பது ஈரம். ஈரத்தை நிறுத்தினால் லொறிக்காரர் என்ன செய்தாலும் பொருள் பொருளாகவே இருக்கும். குப்பையைத் தினமும் வெறுங்கையால் அள்ளுகிறாரே, அந்தத் தொழிலாளியின் கைக்கும் மூக்குக்கும் நாம் செய்யக்கூடிய மரியாதையும் அதுதான்.

பல்கனியும் இல்லாத வீடுகள் உண்டு. கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் தோட்டம் என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளில் ஒரு அறைக்குள் ஆறு பேர் வாழ்கிறார்கள். அவர்களிடம் பசளை வாளி வை என்று நான் சொல்லவில்லை. மூடியுள்ள ஒரு சிறிய வாளிக்குள் பத்திரிகைத் தாள் விரித்து ஈரத்தைத் தனியே வைத்து, தனியே கொடுத்தாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. ஐந்தாறு வீட்டுக்கு ஒரு 200 லீற்றர் பீப்பா வைக்கலாம், ஆனால் கிளறும் பொறுப்பு ஒருவர் பெயரில் இருக்க வேண்டும். எல்லோருக்கும் பொது என்று விட்ட பீப்பா நாறும்.

எதிரணியில் ஒரு சகோதரி கேட்டது என்னை உலுக்கியது. "குடும்பம் என்கிறீர்கள், கடைசியில் அம்மாவின் தலையில்தானே விழும்?" என்றார். உண்மை, அப்படி விழக்கூடாது. நறுக்குவது சமைப்பவர் செய்கிற வேலையோடு போகும். ஆனால் நிறைந்த வாளி இருபத்தைந்து, முப்பது கிலோ பாரம். அதைக் கிளறுவதும் நகர்த்துவதும் வீட்டில் பலமுள்ள ஆணின் வேலை, மூன்று நாளைக்கு ஐந்து நிமிடம். யோகட் கோப்பையைக் கழுவிக் கவிழ்ப்பது அதைச் சாப்பிட்ட பிள்ளையின் வேலை. இந்தப் பங்கீட்டை எந்த மாநகர சபை வந்து செய்து தரும்? இதுவும் குடும்பத்துக்குள் தீர வேண்டிய கணக்குத்தான்.

சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2017 செப்டெம்பரில் சோற்றுப் பார்சல் சுற்றும் பொலித்தீன் லன்ச் சீற்றைத் தடை செய்தார்கள், 2021 மார்ச் இறுதியில் உணவும் மருந்தும் தவிர்ந்த சிறு சஷே பைக்கற்றுகளைத் தடை செய்தார்கள். இரண்டையும் வரவேற்கிறேன்; பால்மாப் பைக்கும் அப்படி ஒன்று வரட்டும், அதற்காகக் கம்பனிகளோடு சண்டை போடுவோம், நானும் வருகிறேன். ஆனால் தேங்காய்ப்பூச் சக்கையை எந்தக் கம்பனியும் செய்து நம் தலையில் கட்டவில்லை. அது நம் கையால் பிழிந்தது.

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் அடுத்துப் பேச வருவார். அவரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஏழு மணிச் சக்கையும் பத்து மணிப் பத்திரிகையும் ஒரே பைக்குள் விழுந்த பிறகு, அந்தப் பத்திரிகையைப் பழையபடி ஆக்க சபையிடம் என்ன வழி இருக்கிறது? அதை அவர் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.