பால் பிடிக்கும் கதிரில் நாவாய்ப்பூச்சி

உழவர் பெருமக்களுக்கு வணக்கம். சம்பாக் கதிர் வெளிவரும் நேரம். வரப்பில் நடக்கும்போது மூட்டைப்பூச்சியை நசுக்கியது மாதிரி ஒரு வாடை அடித்தால், கதிர் நாவாய்ப்பூச்சி வந்துவிட்டது என்று அர்த்தம். வாடை அடித்த கையோடு மருந்துக் கடைக்கு ஓடுகிறவர்கள் நிறையப் பேர். கொஞ்சம் பொறுங்கள், முதலில் கதிரைப் பிடித்துப் பாருங்கள்.

ஒல்லி உடம்பு, நீளக் கால்கள், பச்சையும் பழுப்பும் கலந்த நிறம். குஞ்சுகள் இளம்பச்சை, அதனால் சட்டென்று கண்ணில் படாது. உமி இரண்டும் சேரும் இடுக்கில் வாயை நுழைத்து மணியின் பாலை உறிஞ்சும். அந்த இடத்தில் சின்னதாய் ஒரு பழுப்புப் புள்ளி விழும். முழுக்க உறிஞ்சினால் பதர். பாதியில் விட்டால் அரிசி கறை பிடித்து, ஆலையில் நொறுங்கும்.

ஆனால் பதருக்கெல்லாம் இதன்மேல் பழி போடக்கூடாது. கதிர் முழுக்க வெளுத்து, இழுத்ததும் கையோடு வந்தால் அது தண்டுத்துளைப்பான். கழுத்து கறுத்து ஒடிந்தால் குலைநோய். பூக்கும்போது அடைமழை பிடித்தாலும் மணி கட்டாது. நாவாய்ப்பூச்சி என்றால் நல்ல மணிகளுக்கு நடுவே அங்கங்கே பதர் இருக்கும், புள்ளியோடு.

வெயில் ஏறினால் பூச்சி தூரடி நிழலுக்கு இறங்கிவிடும். மதியம் போய்ப் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று திரும்பினால் பிரயோஜனமில்லை. காலையிலோ சாயங்காலமோ, வயலில் நாலைந்து இடமாக 100 கதிர் பாருங்கள். பூக்கும் பருவத்தில் 5 பூச்சி, பால் பிடித்த பிறகு 16 பூச்சி. அந்த அளவு வந்தால்தான் தெளிப்பு.

10 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்து 200 லிட்டராக்கினால் ஒரு ஏக்கருக்கு வரும். வெயிலில் வீரியம் போய்விடும், சாயங்காலமே தெளியுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வேளாண் அலுவலரைக் கேட்டு மருந்து வாங்குங்கள், கடைக்காரரைக் கேட்டு அல்ல.

அப்புறம், வரப்பிலே குதிரைவாலிப் புல் கதிர் விடுமுன் அறுத்துவிடுங்கள். நெல் பால் பிடிக்கும்வரை பூச்சி தங்குவது அதில்தான். ஊரில் ஒருவர் மட்டும் முந்தியோ பிந்தியோ நட்டால், சுற்றுவட்டாரப் பூச்சி மொத்தமும் அவர் வயலில் இறங்கும். பக்கத்து வயல்காரரோடு நடவுத் தேதியைப் பேசிக்கொள்ளலாம், அதற்குச் செலவே கிடையாது.

மணியை நகத்தால் கிள்ளிப் பார்த்து, பாலும் இல்லாமல் மாவும் இல்லாமல் கெட்டியாக இருந்தால், அதற்கு மேல் எந்தத் தெளிப்பும் வேண்டாம்.