ஐந்து வெள்ளி மீ கோரெங் வீட்டில் ஏன் வருவதில்லை?

[திரையில்: பெரிய இரும்புச் சட்டி, மேலெழும் நெருப்பு, சிவப்பு நூடுல்ஸைப் பிரட்டும் கை]

வணக்கம். மஞ்சள் நூடுல்ஸ் ஒரு கைப்பிடி, முட்டை ஒன்று, வேகவைத்த உருளைக்கிழங்கு பாதி, கொஞ்சம் கீரை, தக்காளி சாஸ், மிளகாய் விழுது. பல சிறு உணவுக் கடைகள் ஒரே கூரையின்கீழ் இருக்கும் சிங்கப்பூர் உணவங்காடி நிலையத்தில் இந்திய முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் உங்கள் கண்ணெதிரே இவற்றைச் சட்டியில் போட்டு, நீங்கள் பணப்பையைத் தேடி எடுப்பதற்குள் மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸாக ஆக்கிவிடுகிறார். விலை ஐந்து வெள்ளியை, அதாவது ஐந்து சிங்கப்பூர் டாலரை ஒட்டியிருக்கும். அதே பொருள்களை அதே சந்தையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் அதே வரிசையில் சட்டியில் போட்டால், நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் ஒரு நூடுல்ஸ் கூட்டு. அந்தப் புகைவாசம் வருவதில்லை, நூடுல்ஸும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. கடைக்காரர் ஏதோ இரகசியப் பொடி போடுகிறார் என்று பலரும் சொல்வார்கள். பொடி எதுவும் இல்லை, காரணம் தண்ணீர். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதற்காகவே இந்த வீடியோ. கணக்கு என்றதும் தப்பித்து ஓட நினைப்பவர்கள் ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் படித்த பெருக்கல் போதும்.

முதலில் வரலாற்றை வேகமாகக் கடந்துவிடுவோம். பல கடைகளின் விலைப்பலகையில் ‘இந்தியன் மீ கோரெங்’ என்று எழுதியிருக்கும். ஆனால் இந்தியாவின் எந்தப் பகுதிக்கும் இது பாரம்பரிய உணவன்று. நூடுல்ஸ் சீனர்கள் கொண்டுவந்தது, சம்பல் என்னும் மிளகாய் விழுது மலாய்ச் சமையலைச் சேர்ந்தது, மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து உலகம் சுற்றி வந்தவை. இவை அனைத்தையும் ஒரே சட்டியில் சந்திக்க வைத்தவர்கள் மலேசியாவின் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கடை போட்ட இந்திய முஸ்லிம்கள்; அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். இராமநாதபுரம், நாகப்பட்டினம் கரையோர ஊர்களிலிருந்தும் கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்தும் கப்பலேறி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். தெருவோரத்தில் விற்றவர்களைச் சிங்கப்பூர் அரசாங்கம் 1968, 1969-ஆம் ஆண்டுகளில் பதிவு செய்து, 1971-இலிருந்து 1986 வரை உணவங்காடி நிலையங்களைக் கட்டி அவற்றுக்குள் குடியேற்றியது. 2020 டிசம்பரில் சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாடு யுனெஸ்கோவின் மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. வரலாறு முடிந்தது.

[திரையில்: ஈரமான மஞ்சள் நூடுல்ஸ், அருகில் காட்சி]

இனி நூடுல்ஸைக் கவனியுங்கள். இது கோதுமை மாவில் சோடியம் கார்பனேட், பொட்டாசியம் கார்பனேட் போன்ற காரப்பொருள்களைச் (மிளகாயின் உறைப்பு அன்று, ‘ஆல்கலி’) சேர்த்துப் பிசைந்தது. காரம் பட்டதும் மாவிலுள்ள இயற்கை நிறமிகள் மஞ்சளாக மாறுகின்றன. பல ஆலைகள் அதற்கு மேலும் நிறம் சேர்ப்பதுண்டு. அந்தக் காரப்பொருள் மாவின் பசைப்புரதத்தை இறுக்கி, கடிக்கும்போது துள்ளும் பதத்தைத் தருகிறது. ஆலையிலேயே வேகவைத்து, ஒட்டாமலிருக்க எண்ணெய் பூசித்தான் இது கடைக்கு வருகிறது. ஆகவே கடைக்காரருக்கு நூடுல்ஸை வேகவைக்கும் வேலை இல்லை. அவருடைய வேலை, ஏற்கெனவே வெந்த ஒன்றை மேலும் வேகவிடாமல் வறுப்பது. கேட்பதற்குச் சிறிய வேறுபாடாகத் தோன்றினாலும், வீட்டுச் சமையல் தோற்பது இந்த இடத்தில்தான்.

ஏன் தோற்கிறது? வறுத்த வாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். சர்க்கரையும் புரதத்தின் அமினோ அமிலங்களும் சூட்டில் சேர்ந்து பழுப்பாகி வாசம் தரும் வினையைப் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மயார் 1912-இல் விவரித்தார். ரொட்டியின் மேல்தோலுக்கும் வறுத்த காப்பிக்கொட்டைக்கும் வாசம் தருவது அதே வினைதான். அது விறுவிறுப்பாக நடக்க ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸ் வேண்டும். தண்ணீரோ 100 டிகிரியில் கொதித்து அங்கேயே நின்றுவிடும். நூடுல்ஸின் மேல் ஈரம் இருக்கும் வரை, அடுப்பை எவ்வளவு திருகினாலும் அதன் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. அதாவது அதுவரை நடப்பது வறுவல் அன்று, அவியல்தான். காரம் கலந்த மாவில் இந்தப் பழுப்பு வினை இன்னும் எளிதாக நடக்கும் என்பதால், ஈரம் மட்டும் விலகிவிட்டால் மஞ்சள் நூடுல்ஸ் வறுவலுக்கு மிகவும் ஒத்துழைக்கக்கூடியது.

அந்த ஈரத்தை விரட்டத்தான் கணக்கு. ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 293 ஜூல் வெப்பம் போதும். ஆனால் 100 டிகிரியிலேயே நிற்கும் அதே ஒரு கிராமை ஆவியாக்க ஏறத்தாழ 2257 ஜூல் வேண்டும். கொதிக்க வைப்பதற்கு ஆகும் செலவைப்போல் ஏழரை மடங்குக்கும் மேல், அதை விரட்டி அனுப்புவதற்கே ஆகிறது. வந்த விருந்தாளியை உபசரிப்பதைவிட வழியனுப்பி வைப்பதற்குத்தான் அதிகப் பாடு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர் வாய்க்குள் முணுமுணுப்பார்கள் அல்லவா, தண்ணீரும் அந்த வகைதான்.

[திரையில்: இரண்டு அடுப்புகள், இரண்டு கடிகாரங்கள்]

ஒரு தட்டு மீ கோரெங்கில் நூடுல்ஸ், கீரை, பயற்று முளை, சாஸ் எல்லாவற்றிலிருந்தும் 50 கிராம் தண்ணீரை வெளியேற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஏறத்தாழ 1,13,000 ஜூல் தேவை. வீட்டு அடுப்பிலிருந்து சட்டிக்குள் உண்மையில் இறங்கும் வெப்பம் 1500 வாட் என்று கொண்டால், ஈரம் போவதற்கு மட்டுமே 75 வினாடி பிடிக்கும். ஏற்கெனவே வெந்த நூடுல்ஸ் அந்த 75 வினாடியும் நீராவியில் மேலும் வெந்துகொண்டிருக்கிறது. குடும்பத்தில் நான்கு பேர் என்று நான்கு தட்டு நூடுல்ஸை ஒரே சட்டியில் கொட்டினால் அது 300 வினாடி, அதாவது ஐந்து நிமிடம். ஐந்து நிமிடம் கூடுதலாக வெந்த நூடுல்ஸுக்கு என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. கடை அடுப்பு சீறுகிற சீற்றத்துக்கு அதன் வெப்பத்தை வீட்டு அடுப்பைப்போல் நான்கு மடங்கு என்று கொள்வோம். அப்போது ஒரு தட்டின் ஈரம் 19 வினாடிக்குள் போய்விடுகிறது. மீதி நேரம் முழுவதும் வறுவலுக்குக் கிடைக்கிறது. இது தோராயக் கணக்குதான். உங்கள் அடுப்பும் உங்கள் கீரையும் எண்களைக் கொஞ்சம் மாற்றும். ஆனால் விடை எந்தப் பக்கம் சாயும் என்பது மாறாது.

கடைக்கு முன்னால் வரிசையில் நிற்கும்போது, நான்கு பேர் ஒரே உணவைத்தானே கேட்டிருக்கிறார்கள், ஒன்றாகப் போட்டு முடித்தால் என்ன என்று எரிச்சல்படுபவர்கள் உண்டு. ஒவ்வொரு தட்டாக, அல்லது மிஞ்சினால் இரண்டு தட்டாகப் போடும் கடைக்காரர், தம்முடைய நேரத்தை இழந்து உங்கள் நூடுல்ஸைக் காப்பாற்றுகிறார். ஒரு பெரிய குவியலை முன்பே பிரட்டி, விளக்கொளிக்குக் கீழே தட்டில் அடுக்கி வைத்திருக்கும் கடையை நான் தயங்காமல் கடந்துபோய்விடுவேன். அங்கே வரிசை இல்லாததற்குக் காரணம் இருக்கிறது.

சட்டியைத் தூக்கி வீசும் வித்தையையும் ஆராய்ச்சியாளர்கள் விட்டுவைக்கவில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஹங்டாங் கோ, டேவிட் ஹூ இருவரும் சோற்றை வறுக்கும் சமையற்காரர்களின் கை அசைவைப் படமெடுத்து அளந்து 2020-இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். சட்டி ஒரு நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை அசைகிறது; முன்னும் பின்னும் தள்ளுவதும், அடுப்பின் விளிம்பில் ஊன்றிச் சாய்ப்பதும் சற்றே முன்பின்னாகச் சேர்ந்து நடப்பதால், சோறு காற்றில் எழும்பி, கருகாமல் சூடேறி மீண்டும் விழுகிறது. இந்திய முஸ்லிம் கடைகளில் தூக்கி வீசுவதைவிடக் கரண்டியால் அடியிலிருந்து புரட்டுவதே அதிகம். ஆனாலும் நோக்கம் ஒன்றுதான்: நூடுல்ஸின் எந்த இழையும் இரும்பில் அதிக நேரம் கிடக்கக்கூடாது, எதுவும் இரும்பைத் தொடாமல் தப்பிக்கவும் கூடாது. நாள் முழுவதும் அந்த அனலில் நின்று இதைச் செய்யும் தோளின் நிலைமையை நினைத்துப் பார்த்தால், ‘ஐம்பது காசு ஏற்றிவிட்டார்கள்’ என்று முகம் சுளிக்க எனக்கு மனம் வருவதில்லை.

[திரையில்: தட்டு, அருகில் வெள்ளரித் துண்டுகள்]

தட்டில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் உருளைக்கிழங்கு. மாவுச்சத்தின்மேல் மாவுச்சத்து எதற்கு என்று கேட்பவர்கள், அதன் வேலையைக் கவனிக்கவில்லை. வேகவைத்த கிழங்கின் ஓரங்கள் சட்டியில் உடைந்து, சாஸைக் கெட்டியாக்கி, ஒவ்வோர் இழையிலும் ஒட்ட வைக்கின்றன. உடையாத நடுப்பகுதி மிளகாயின் உறைப்புக்கு இடையிடையே ஓய்வு தருகிறது. பினாங்கில் இதை இன்னும் முன்னே கொண்டுபோய், சர்க்கரைவள்ளிக் கிழங்குச் சாறும் வேர்க்கடலையும் கணவாய்ச் சம்பலும் சேர்த்துச் செய்கிறார்கள். இனிப்பும் உறைப்பும் ஒன்றையொன்று துரத்தும் அந்தச் சுவைக்கு நான் அடிமை. சிங்கப்பூர்த் தட்டில் சிவப்பு தூக்கலாக இருக்கும், ஓரத்தில் வெள்ளரித் துண்டுகளும் அவற்றின்மேல் தக்காளி சாஸும் வரும். ஏற்கெனவே சாஸில் குளித்த நூடுல்ஸுக்குப் பக்கத்தில் இன்னும் சாஸ் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, ஆனால் அது இல்லாமல் தட்டு வந்தால் திருப்பிக் கேட்பவனும் நான்தான். சிறிய எலுமிச்சையைப் பிழியாமல் ஒதுக்கி வைப்பவர்களுடன் எனக்கு வழக்கு உண்டு. அவர்கள் கருத்துப் பகுதியில் வந்து தங்கள் தரப்பைச் சொல்லலாம்.

விலை எப்படிக் கட்டுப்படியாகிறது என்ற கேள்விக்குச் சுருக்கமான விடை: வாடகை. தெருவிலிருந்து குடியேற்றப்பட்ட முதல் தலைமுறைக் கடைக்காரர்கள் மாதம் சில நூறு வெள்ளி மட்டுமே சலுகை வாடகையாகக் கட்டுகிறார்கள். பிறகு வந்தவர்கள் ஏலக்குத்தகையில் கேட்டுப் பெறவேண்டும். 2024-இல் மரின் பரேட் சென்ட்ரல் உணவங்காடி நிலையத்தில் ஒரு கடைக்கு ஏலத்தில் மாதம் 10,158 வெள்ளி வரை கேட்கப்பட்டது. அருகருகே நிற்கும் இரு கடைகள் ஒரே விலைக்கு விற்றாலும், உள்ளே ஓடும் கணக்கு ஒன்றாக இருக்காது.

வீட்டில் முயல்பவர்களுக்கு: நூடுல்ஸை வெந்நீரில் அலசினால் நன்றாக வடியவிட்டுத் துணியில் ஒற்றுங்கள். மெல்லிய இரும்புச் சட்டியைப் புகை தெரியும்வரை காயவிடுங்கள். மிளகாய் விழுது, கிழங்கு, பிறகு நூடுல்ஸ். அது ஆங்காங்கே பழுப்பானதும் சாஸைச் சட்டியின் ஓரத்தில் ஊற்றுங்கள், சர்க்கரை கருகிய வாசம் அங்கேதான் கிடைக்கும். முட்டையைக் கடைசியில் ஒதுக்கிய இடத்தில் உடைத்துக் கலக்குங்கள். என்ன கெஞ்சினாலும் ஒரு நேரத்தில் ஒரு தட்டுதான்.

கடையிலேயே சாப்பிடப் போகிறவர்கள் சிராங்கூன் சாலையிலுள்ள தேக்கா நிலையத்தின் கீழ்த்தளத்தில் தொடங்கலாம். 1982-இல் திறக்கப்பட்ட அந்த நிலையத்தில் இந்திய முஸ்லிம் கடைகள் வரிசையாக இருக்கின்றன, தமிழிலேயே கேட்டு வாங்கலாம். மதிய உணவு நெரிசலுக்கு முன்போ பின்போ போங்கள். காலி மேசையில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் கிடந்தால் அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது என்று பொருள். எடுத்து முகம் துடைத்துவிடாதீர்கள். உறைப்பு குறைவாக வேண்டும் என்றால் சட்டியில் எண்ணெய் விழுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் முதலில் போவது மிளகாய் விழுது. சாப்பிட்டு முடித்ததும் தட்டை ஹலால் உணவுக்கான அடுக்கில் கொண்டுபோய் வையுங்கள். மற்ற தட்டுகளுக்கான அடுக்கு தனியாக இருக்கும். 2021 செப்டம்பர் முதல் தட்டை மேசையில் விட்டுச் செல்வது குற்றம்: முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை 300 வெள்ளி அபராதம். அந்தத் தொகைக்கு அறுபது தட்டு மீ கோரெங் வாங்கலாம்.