காற்று நின்ற பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

கடலூர்த் துறைமுகத்தில் கூண்டு ஏற்றினால் அது ஊருக்கே செய்தி. 10-ம் எண் என்றால் புயல் துறைமுகத்தின் மேலேயோ, ரொம்பப் பக்கத்திலேயோ கடக்கப்போகிறது. 11 என்றால் அதைவிடப் பெரிய புயல் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி இல்லை. வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம். இன்று நான் பேசப்போவது கூண்டு ஏற்றும் நேரத்தைப் பற்றி அல்ல, "அப்பாடா, விட்டுவிட்டது" என்று கதவைத் திறக்கிறோமே, அந்த நேரத்தைப் பற்றி.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூரை ஒட்டிக் கரை கடந்தது. நம் பக்கத்துப் புயல்களில் காற்று மையத்தைச் சுற்றி இடஞ்சுழியாக வீசும். அதனால் புயல் கிழக்கேயிருந்து நேராக நம் மேல் வந்தால் முதலில் வடக்கேயிருந்து அடிக்கும். திசை மாறாமல் வலுத்துக்கொண்டே வந்து, சட்டென்று நின்றுவிட்டால் புயலின் கண் நம் தலைக்கு மேலே இருக்கிறது என்று பொருள். சில நிமிடமோ, ஒரு மணி நேரமோ, பிறகு தெற்கேயிருந்து அடிக்கும். வடக்குக் காற்றில் வேர் ஆடிப்போன முந்திரியும் பலாவும், கொக்கி தளர்ந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் இந்த இரண்டாவது அடியில் போய்விடும். இடைவெளியில் மாட்டைப் பார்க்கவோ கூரையில் ஏறவோ கிளம்பக் கூடாது. காற்று கொஞ்சம் கொஞ்சமாகத் திசை மாறியபடியே குறைந்தால் மட்டும் புயல் விலகிப் போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆறு இன்னொரு கணக்கு. 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. காற்று போய்விட்டது. ஆனால் மழை உள்ளே நகர்ந்து கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரை வரை கொட்டியது. தென்பெண்ணையின் குறுக்கே இருக்கிற சாத்தனூர் அணையில் வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்தார்கள். அந்த ஆறு கடலில் சேருகிற இடம் நம் ஊர். அங்கே பெய்தது இங்கே வர நேரம் ஆகும். ஆகவே கடலூரில் வானம் வெளுத்ததைப் பார்த்து முகாமிலிருந்து வீடு திரும்ப வேண்டாம். சாத்தனூரில் எவ்வளவு திறக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத் திரும்புங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பலரும் முதலில் மோட்டார் சுவிட்சைத்தான் போடுகிறார்கள். மூழ்கிய மோனோபிளாக் மோட்டார் வெளியே காய்ந்திருக்கும், உள்ளே சுற்றியிருக்கிற கம்பிச் சுருள், அதாவது காயில், ஈரமாக இருக்கும். போட்ட மாத்திரத்தில் காயில் எரியும். உப்புத்தண்ணீர் ஏறியிருந்தால் காயவைப்பதற்கு முன் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உப்பு உள்ளேயே தங்கினால் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். காய்ந்தபின் எலக்ட்ரீஷியனை மெக்கர், அதாவது மின்கசிவைச் சோதிக்கிற மீட்டர், வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் இன்னும் காய வேண்டும். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் மெயினை அணைக்காமல் ஓட்டினால் மின்சாரம் திரும்பக் கம்பத்துக்குப் போகும். மேலே கம்பி இழுத்துக்கொண்டிருக்கிற லைன்மேன் உயிர் அது.

இனி கிணறு. வெள்ளம் ஏறிய உறைகிணற்றை முழுசாக இறைத்துவிட வேண்டும் என்ற அவசரம் நிறையப் பேருக்கு. சுற்றியுள்ள மண் ஊறிக் கனத்திருக்கும்போது உள்ளே காலியானால் உறை உள்வாங்கிச் சரியும். ஊரில் நிற்கிற தண்ணீர் வடியட்டும். பிறகு கலங்கல் தெளியும் வரை இடைவெளி விட்டு இறையுங்கள். கலங்கலிலேயே பிளீச்சிங் பவுடர் போட்டால் குளோரினைச் சேறே தின்றுவிடும்.

அளவு இப்படி. கிணற்றின் விட்டம் 2 மீட்டர், தண்ணீர் 3 மீட்டர் நிற்கிறது என்று வையுங்கள். இரண்டை இரண்டால் பெருக்கி, மூன்றால் பெருக்கி, 0.785-ஆல் பெருக்கினால் 9.4 கன மீட்டர், அதாவது 9,400 லிட்டர். சாதாரண நாளில் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் போதும். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு இரட்டிப்பாகப் போடுங்கள், ஏறக்குறைய 50 கிராம் வரும். திறந்து கிடந்த பழைய மூட்டை வேண்டாம், அதில் வீரியம் போயிருக்கும்.

பவுடரை அப்படியே கொட்டாதீர்கள். வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு இட்லி மாவு பதத்துக்குக் குழைத்து, முக்கால் வாளி தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் விடுங்கள். அடியில் படிவது சுண்ணாம்பு, அது கிணற்றுக்கு வேண்டாம். மேலே தெளிந்ததை மட்டும் வேறு வாளியில் இறுத்து, கயிற்றில் இறக்கி, தண்ணீருக்குள் மேலும் கீழுமாக ஆட்டுங்கள். கடல் தண்ணீர் புகுந்த கிணற்றில் இது கிருமியைக் கொல்லுமே தவிர உப்பை எடுக்காது.

ஒரு மணி நேரம் கழித்து ஒரு குடம் இறைத்து மோந்து பாருங்கள். லேசாகக் குளோரின் வாடை வர வேண்டும். வராவிட்டால் அதே அளவு இன்னொரு முறை. வாடை பிடிக்காதவர்கள் குடத்தின் வாயில் துணி கட்டி ராத்திரி வைத்துவிட்டால் காலையில் பெரும்பாலும் குறைந்திருக்கும்.

நன்றி, வணக்கம்.