கசக்கிக் கட்டப் பருத்தி வேண்டும்

(மும்பை மாட்டுங்காவில் தமிழர் கூட்டமொன்றில் பேசியது)

தலைவர் அவர்களே, முன்வரிசைப் பெரியவர்களே, தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் ரயிலேறி வந்த தாய்மார்களே, வணக்கம். எனக்குச் சால்வை போர்த்திய செயலாளர் ஐயாவுக்கும், மைக் செட் தந்து உதவிய அன்பருக்கும் தனி நன்றி. நூல் சால்வை போர்த்தினீர்களே, அதில் எனக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி.

பஞ்சு, ஆலை, சீருடை என்று மூன்றைப் பேச வந்திருக்கிறேன்.

'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பார் என் அம்மா. கசக்கினால் துணி தாங்க வேண்டுமே! பருத்தி தாங்கும். நனைந்தால் அதன் இழைக்கு வலு கூடும். விதையின் மேல் வளரும் முடிதான் அது, ஏறக்குறைய முழுக்க செல்லுலோஸ் என்னும் தாவர நார்ப்பொருள். காற்றில் இருக்கும் ஈரத்திலேயே தன் எடையில் சுமார் 8 சதவீதத்தை உறிஞ்சிவிடும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட உறிஞ்சாது. அப்புறம் வியர்வை எங்கே போகும்? இதையெல்லாம் சோதிக்கும் பருத்தி ஆய்வுக்கூடம் 1924 முதல் இதே மாட்டுங்காவில் இருக்கிறது.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் சொன்ன கடையிலேயே சீருடை வாங்கினேன். "சுத்தக் காட்டன்" என்றார் கடைக்காரர். ஜூன் மாதப் புழுக்கம். மூன்றாம் நாள் கழுத்தைச் சுற்றி வேர்க்குரு. என் அப்பா பரேல் ஆலையில், 1982 வேலைநிறுத்தம் வரை நூற்புப் பிரிவில் இருந்தவர். அம்மாவுக்கும் நூல் தெரியும். பாவாடையின் மடிப்பைத் திருப்பி, நகத்தால் ஓர் இழையை உருவினார். தன் பழைய சுங்குடிச் சேலையிலிருந்து இன்னொன்று. இரண்டிலும் தீக்குச்சியைக் காட்டினார். சுங்குடி இழை காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாய் உதிர்ந்தது. பாவாடை இழை சுருண்டு, கடுகு போல் கறுத்து இறுகியது; பாலியஸ்டர்தான்! சரி, அதோடு விட்டாரா? தீப்பெட்டியும் கையுமாகக் கடைக்கே போய்விட்டார். "அம்மா, உள்ளே துணி இருக்கு, பற்ற வைக்காதீங்க!" என்று கடைக்காரர் கும்பிட்டார். பணம் திரும்பி வந்தது.

1854-இல் இங்கே முதல் பஞ்சாலையைத் தொடங்கிய காவஸ்ஜி தாவரைப் பற்றியும் சொல்ல நினைத்தேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

சீருடைக்கு வருகிறேன். பருத்தி கசங்கும், விலை கூடும் என்கிறார்கள். கசங்கட்டும்! மூன்று செட்டுக்குப் பதில் இரண்டு போதும். கந்தையானாலும் கசக்கிக் கட்டலாம். குழந்தை கழுத்தில் வேர்க்குரு வரக் கூடாது. வரும் ஜூனுக்குள் நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள் பருத்திச் சீருடைக்கு மாற வேண்டும் என்று மனு எழுதி, வாசல் மேஜையில் வைத்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் போகும் முன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.