பூ இருக்க வேண்டிய இடத்தில் நெருப்பு

அனைவருக்கும் வணக்கம்.

பாரசீகக் கலை என்றதும் சிறகு விரித்த வட்டத்துக்குள் நிற்கும் தாடிக்காரரைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அவர் நெருப்பைப் புனிதமாகப் போற்றும் ஜொராஸ்ட்ரிய சமயத்தின் கடவுளான அகுரா மஸ்தாவா, அரசனைத் தேடி வரும் தெய்வ ஒளியா என்ற சண்டை அறிஞர்களுக்குள் இன்னும் ஓயவில்லை. அந்தச் சிறகு வட்டமே எகிப்து, அசீரியா பக்கமிருந்து வந்த இரவல். சரி, அவரைப் பழைய பாரசீகத் தலைநகர் பெர்சிபொலிஸின் சுவரிலேயே விட்டுவிட்டு ஒரு காசைப் பார்ப்போம்.

ஏறக்குறைய 4 கிராம் எடையுள்ள வெள்ளிக்காசு. கி.பி. 224-இல், அதுவரை ஈரானை ஆண்டுவந்த பார்த்திய மரபின் மன்னன் அர்தவானை வீழ்த்தி சாசானிய ஆட்சியைத் தொடங்கிய அர்தஷீர் அடித்தது. பூவா தலையா போட்டுப் பார்த்தால், தலைப் பக்கம் முடி சூடிய அர்தஷீர். பூவுக்குரிய பக்கத்தில் ஒரு பீடம், அதன்மேல் எரியும் நெருப்பு. கூடவே ‘அர்தஷீரின் நெருப்பு’ என்று எழுத்து.

அதென்ன அவருடைய நெருப்பு? அரியணை ஏறும் அரசன் தன் பெயரில் ஒரு நெருப்பை ஏற்றுவான். ஆண்டுக் கணக்கும் அதை வைத்துத்தான். அர்தஷீரின் மகன் ஷாப்பூர் காலத்தில், ஈரானின் பிஷாப்பூர் நகரில் எழுந்த தூண் கல்வெட்டில் ‘அர்தஷீரின் நெருப்புக்கு 40, ஷாப்பூரின் நெருப்புக்கு 24’ என்றே ஆண்டு குறித்திருக்கிறார்கள். அப்பா அர்தஷீர் இறந்த பிறகும் அவருடைய நெருப்புக்கு வயது ஏறிக்கொண்டே இருக்கிறது, பாருங்கள்!

இந்த முதலாம் ஷாப்பூர் காலத்தில் காசிலும் பீடத்துக்கு இருபுறமும் இரண்டு பேர் வந்து நிற்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், நெருப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு அவர்கள் வாசல் காவலர்கள் மாதிரித்தான் தெரிகிறார்கள். பின்னால் வந்த காசுகளில் உள்பக்கம் திரும்பிவிடுகிறார்கள், காவல் வழிபாடாகிவிட்டது. சில காசுகளில் தீக்கொழுந்துக்குள்ளேயே ஒரு முகம் தெரியும்.

சாசானியர் காலச் சுதைப் பலகைகளில் கழுத்து நாடா பறக்க நிற்கும் செம்மறிக்கடாவும் வெறும் அலங்காரம் இல்லை. தப்பி ஓடும் அர்தஷீரை ஒரு கடா துரத்திப் பிடித்து அவருடைய குதிரையிலேயே ஏறிக்கொண்டதாகப் பஹ்லவி என்ற இடைக்காலப் பாரசீக மொழியில் உள்ள கதை சொல்கிறது. அரச ஒளியே கடா வடிவில் வந்ததாம்.

அப்புறம் அரபுப் படை வந்தது, சாசானிய ஆட்சி முடிந்தது. ஆனால் சந்தைக்குப் பழகிய காசு வேண்டுமே! புதிய ஆளுநர்கள் சாசானிய மன்னன் இரண்டாம் குஸ்ரோவின் காசு அச்சையே பார்த்து அடித்தார்கள். தலைப் பக்க விளிம்பில் அரபியில் ‘பிஸ்மில்லாஹ்’ என்று சேர்த்தார்கள். பின்பக்கத்தில் இரண்டு காவலர்களும் நடுவில் அந்த நெருப்பும் 690-கள் வரை அப்படியே இருந்தன.