பத்து மாத வருமானம், பன்னிரண்டு மாதத் தவணை

நேயர்களுக்கு வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தில் பாம்பன், மண்டபம், தொண்டி, ஏர்வாடிப் பக்கம் சம்பளத்துக்கு மீன் லோடு வண்டி ஓட்டும் தம்பிமார் பலர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, சொந்தமா ஒரு வண்டி எடுத்துடலாமா?" எடுக்கலாம். ஆனால் கடன் கொடுப்பவர் போட்டுக் காட்டும் கணக்கை மட்டும் நம்பி எடுக்காதீர்கள். அவர் கணக்கில் வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம். இங்கே மீன் லோடு ஓட்டுபவருக்குப் பத்து மாதம்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீனும் நண்டும் கொஞ்சம் வரும். இருக்கிற வண்டிகளுக்கெல்லாம் அது போதாது. தவணையோ நிற்காது. மாதம் 18,000 ரூபாய் தவணை என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 2,16,000. பத்து மாதத்தில் அதைச் சேர்க்க மாதம் 21,600 எடுத்து வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் அந்தப் பத்து மாதமும் குறையும்.

அடுத்தது துரு. இதைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீரில் உப்பு உண்டு. அது வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ், ஸ்பிரிங் பட்டை, பிரேக் குழாய் எல்லாவற்றிலும் வடிந்துகொண்டே இருக்கும். போதாததற்கு உப்புக் காற்று. பாடி கட்டும்போதே தண்ணீர் ஒரு குழாய் வழியாக இறங்கித் தொட்டியில் சேரும்படி கேட்டு வாங்குங்கள். மீன் தண்ணீர் ரோட்டில் ஒழுகினால் பின்னால் பைக்கில் வருகிறவர் வழுக்கி விழுவார். அதை நினைத்தாவது செய்யுங்கள். லோடு இறக்கியதும் நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் கழுவ வேண்டும். அந்தத் தண்ணீரையும் இங்கே காசு கொடுத்துத்தான் வாங்கணும், அதையும் செலவில் எழுதுங்கள். பழைய வண்டி வாங்குபவர்கள் பெயிண்டைப் பார்த்து மயங்காமல், அடியில் படுத்து சேஸிஸைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள்.

இன்சூரன்ஸ், டயர், எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. எஃப்.சி. எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருஷாவருஷம்.

பலர் விட்டுவிடுவது டிரைவர் சம்பளம். நாமே ஓட்டுவதால் அது மிச்சம் என்கிறார்கள். மிச்சமில்லை, தம்பி. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் ஆள் போட்டுத்தான் ஓட்டணும். அந்தச் சம்பளத்தை உங்கள் பெயரிலேயே மாதாமாதம் எடுத்து வையுங்கள். அதை எடுத்த பிறகும் மிஞ்சுகிறதா என்று பாருங்கள். மிஞ்சாவிட்டால் வண்டி உங்களுக்கு உழைக்கவில்லை, நீங்கள் வண்டிக்கு உழைக்கிறீர்கள்.

கேரளாவுக்கு மீன் இறக்கிவிட்டு வரும் வண்டிக்கு ரிட்டர்ன் லோடு கிடைப்பது கஷ்டம், மீன் வாடைக்கே சரக்கு ஏற்ற மாட்டார்கள். அதனால் போக வர இரண்டுக்கும் சேர்த்து வாடகை பேசுங்கள். டீசலுக்குக் கட்டவில்லை என்று கூடுதல் பாரம் ஏற்ற வேண்டாம். பிடிபட்டால் அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000.

தடைக்காலத்துக்கு வழி இல்லாமல் இல்லை. வாலிநோக்கம் உப்பளத்தில் கோடையில்தான் வேலை மும்முரம். கமுதி, முதுகுளத்தூர் பக்கம் முண்டு மிளகாய் லோடு உண்டு, கரிமூட்டத்தில் மரக்கரி லோடும் உண்டு. ஆனால் மீன் வண்டிக்காரர் எல்லாரும் சித்திரையில் ஒரே சமயத்தில் அங்கே போய் நிற்பதால் வாடகை இறங்கிவிடும். தை மாதமே போய்ப் பேசி வையுங்கள். மிளகாய்க்கு மீன் வாடை ஆகாது, பாடியை நன்றாகக் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோங்கள். உப்பு ஏற்றினால் அடியிலும் ஒரு தார்ப்பாய் விரியுங்கள். நன்றி, வணக்கம்.