"வீட்டுக்குப் போகணும்" என்று வீட்டிலேயே சொன்னால்

எல்லாருக்கும் வணக்கம். மறதி நோய் வந்த கணவரையோ மனைவியையோ பார்த்துக்கொள்கிறவர்கள்தான் இங்கே அதிகம். அதனால் நோய் விளக்கத்தை விட்டுவிட்டு, நீங்கள் அடிக்கடி கேட்கும் விஷயத்துக்கே வருகிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு, சொந்த வீட்டுக் கூடத்திலிருந்தே "நான் வீட்டுக்குப் போகணும்" என்று பையைத் தூக்கினால் என்ன செய்வது?

"இதுதானே நம்ம வீடு" என்றுதான் வாயில் வரும். பிள்ளைகள் ஒரு தரம் சொல்லிப் பார்த்து விட்டுவிடுவார்கள். ஐம்பது வருஷம் குடும்பம் நடத்தியவர்கள் லேசில் விடமாட்டோம். கரண்ட் பில்லைக் காட்டுவோம், கல்யாண போட்டோவைக் காட்டுவோம். ஆனால் புதிய விஷயங்களை மனதில் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியை அல்சைமர் என்ற மறதி நோய் ஆரம்பத்திலேயே தாக்குகிறது. நீங்கள் காட்டிய பில் அங்கே பதியாது. நீங்கள் குரலை உயர்த்தியதில் வந்த பயம் தங்கிவிடும்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான காட்சிகளையும் சிரிக்க வைக்கும் காட்சிகளையும் போட்டுக் காட்டினார்கள். 2014இல் அந்த ஆய்வு வெளிவந்தது. பார்த்தது என்ன என்பது சீக்கிரமே மறந்துபோனது. அது கிளப்பிய சோகமும் சந்தோஷமும் அதற்குப் பிறகும் நீடித்தன.

அப்படியானால் அந்தத் தவிப்புக்குத்தான் நாம் பதில் சொல்ல வேண்டும். "சரி, போகலாம். காப்பி குடிச்சிட்டுக் கிளம்பலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். தெருமுனை வரை சேர்ந்து நடந்துவிட்டுத் திரும்பினால், பல நாள் அதுவே போதும்.

என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஒரு அம்மாவிடம் அவர் கணவர் ராத்திரியில், "யாரும்மா நீ? என் வீட்டுக்காரி பார்த்தா சண்டை போடுவா, கிளம்பு" என்றாராம். "சரிங்க, அவங்க வர்ற வரைக்கும் துணைக்கு இருக்கேன்" என்று அந்த அம்மா நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். என்னிடம் சொல்லும்போது சிரித்தார், அப்புறம் அழுதார். மனைவி இடத்தையே விட்டுக்கொடுத்து மனைவியாக இருப்பது சாதாரண காரியமா?

"அப்போ பொய் சொல்லச் சொல்றீங்களா?" என்று சிலர் கோபிக்கிறார்கள். பெரும்பாலும் தேவைப்படாது. எப்போதோ இறந்துபோன அம்மாவைத் தேடுகிறவரிடம் "செத்துட்டாங்க" என்றால், அவருக்கு அது இன்றைக்கு விழுந்த சாவு. நாளைக்கும் கேட்பார், நாளைக்கும் விழும். "அம்மா ஞாபகமா? அவங்க வைக்கிற வத்தக்குழம்பு எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். இதில் பொய் எங்கே இருக்கிறது?

இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போட்டுவிடுங்கள். நிழல்கூட அவர்களுக்கு ஆள் மாதிரி தெரியும். கண்ணாடியைப் பார்த்து மிரண்டால் துணி போட்டு மூடுங்கள்.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். நேற்று வரை ஓரளவு தெளிவாக இருந்தவர் திடீரென்று ஒரே நாளில் ரொம்பக் குழம்பினால், நோய் முற்றிவிட்டது என்று நினைத்துச் சும்மா இருக்கக் கூடாது. சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், புதிதாக ஆரம்பித்த மாத்திரை என்று எதுவும் காரணமாக இருக்கலாம். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகளே இப்படிக் குழப்பிவிடப் போதும். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். இவற்றில் பலவும் சரியாகக்கூடியவை.

உங்களுக்கே பொறுமை போய்விட்டால், அவரைப் பத்திரமாக உட்கார வைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது, கட்டணம் கிடையாது. சரி, இனி நீங்கள் கேளுங்கள்.